என்லார்ஜர் வெளிச்சம் ஒரு வேளை போல ஒரு வேளை இல்லை: பல்பா, கரண்டா, கண்டென்சரா?

கரும்பெட்டி | தஞ்சாவூர்
சனி, இரவு 11.52

வணக்கம். ஃபிலிமிலிருந்து பிரிண்ட் போடும் டார்க் ரூமுக்கு நான் புதியவன். மாடியில் புழங்காமல் கிடந்த குளியலறையை இருட்டாக்கி எட்டு மாதம் ஆகிறது. என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) மியோப்டா ஓப்பமஸ் 6, மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கியது. 50 எம்எம் லென்ஸ், 35 எம்எம் நெகட்டிவ், இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஆர்சி பேப்பர் (ஃபில்டரை மாற்றினால் காண்ட்ராஸ்ட் மாறுகிற வகை). பல்ப் மட்டும் அசல் இல்லை. கடையில் கிடைத்த 100 வாட் பால் நிற இழை பல்பை மாட்டியிருக்கிறேன்.

இன்று இரவு எட்டரைக்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் (எத்தனை நொடி வேண்டும் என்று பார்க்க, ஒரு துண்டுப் பேப்பரில் படிப்படியாகக் கொடுக்கும் வெளிச்சம்) போட்டேன். லென்ஸ் துளை எஃப் 8இல் 18 நொடி சரியாக வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பதினோரு மணிக்கு அதே நெகட்டிவ், அதே உயரம், அதே 18 நொடி. பிரிண்ட் கருகிப்போய் வந்தது. 10 நொடிக்கு இறக்கிய பிறகுதான் பழைய பிரிண்ட் மாதிரி ஆனது. டெவலப்பர் கரைசலை மாற்றவில்லை.

இன்னொன்று. வானம் நிறைய இருக்கிற படங்களில் இடது கீழ் மூலை வெளுத்தே வருகிறது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டாலும் அதே மூலைதான்.

இரண்டும் ஒரே கோளாறா? பல்பை மாற்றினால் சரியாகிவிடுமா? பேப்பர் விற்கிற விலையில் ஒவ்வொரு தாளும் குப்பைக்குப் போகும்போது வயிறு எரிகிறது.

---

ஒளிவட்டம் | பெங்களூரு
ஞாயிறு, காலை 7.10

எல்இடி பல்ப் ஒன்று வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது. 2 நிமிட வேலைக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

---

ஹைப்போ வாசம் | மதுரை
ஞாயிறு, காலை 8.35

தம்பி, பல்பை இப்போது தொடாதீர்கள். இது ஒரு நோய் இல்லை, இரண்டு. நேரத்துக்கு நேரம் மாறுவது ஒன்று, இடத்துக்கு இடம் மாறுவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பேப்பர்தான் தீரும்.

டெவலப்பர் பழசானால் பிரிண்ட் வெளுக்கும், கருகாது. உங்களுக்குப் பதினோரு மணிக்குக் கருகியது என்றால் வெளிச்சம் கூடியிருக்கிறது. ராத்திரியில் வெளிச்சம் ஏன் கூடும்? தெருவில் எல்லாரும் விளக்கணைத்துப் படுத்துவிட்டார்கள், லைன் வோல்டேஜ் ஏறிவிட்டது.

நான் 1978இல் ஸ்டுடியோ வைத்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு டூரிங் தியேட்டர். முதல் ஆட்டம் தொடங்கியதும் என் என்லார்ஜர் பல்ப் மஞ்சளாகும். இடைவேளையில் கொஞ்சம் உயிர் வரும். படம் எப்போது விடும் என்று நான் டிக்கெட் எடுத்தவன் மாதிரி காத்திருப்பேன். கல்யாண ஆல்பம் வேலை எல்லாம் கடைத்தெரு மூடிய பிறகு, பத்து மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் பாஸ்போர்ட் சைஸ் மட்டும் அடிப்போம், அதில் வித்தியாசம் தெரியாது.

ஒரு மல்டிமீட்டர் எடுத்து இன்று எட்டரைக்கும் பதினோரு மணிக்கும் பிளக்கில் வோல்டேஜ் அளந்து எழுதுங்கள். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும் பிளக்கில் அளந்தால் அதிகமாகக் காட்டும். ஈ.பி. லைன், கை பத்திரம்.

---

கரும்பெட்டி
ஞாயிறு, இரவு 11.20

ஐயா, அளந்துவிட்டேன். எட்டரைக்கு 205. இப்போது 236. நடுவில் ஒன்பதேகாலுக்குக் கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டபோது ஒரு நொடி 196க்கு இறங்கி ஏறியது. இவ்வளவு ஆடும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் 31 வோல்ட்தானே, அதற்கா 18 நொடி 10 ஆகும்?

---

ஓம்_விதி | கோயம்புத்தூர்
திங்கள், காலை 6.45

ஆகும். கணக்கைப் பாருங்கள்.

இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சமமாக ஏறி இறங்குவதில்லை. ஏறக்குறைய வோல்டேஜின் 3.4 அடுக்கில் போகும். 236 எங்கே, 205 எங்கே? வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 38 சதவீதம் குறைகிறது. வெறும் 5 சதவீதம் இறங்கினாலே வெளிச்சத்தில் 16 சதவீதம் போச்சு.

அதுவும் நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் கணக்கு. உங்கள் பேப்பர் நீலத்தையும் பச்சையையும்தான் பார்க்கிறது. சிவப்பு அதற்குத் தெரியாது, அதனால்தான் சேஃப் லைட் என்கிற சிவப்பு விளக்கைப் போட முடிகிறது. இழையின் சூடு குறையும்போது முதலில் கழன்றுகொள்வது நீலம். நீலத்தை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்டப் பாதியாகிறது. பச்சை அதைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. 18க்கு 10 என்று உங்கள் பேப்பர் சொன்னது மிகச் சரி. மல்டிகிரேடில் இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு: நீலம் குறைந்தால் காண்ட்ராஸ்ட் லேசாகத் தணியும். எட்டரை மணி பிரிண்ட் கொஞ்சம் சப்பென்று இருக்கிறதா பாருங்கள்.

மோட்டார் போட்ட அந்த ஒரு நொடி 18 நொடிக்குள் விழுந்தால் பெரிய வித்தியாசம் வராது. 4 நொடிக்குள் விழுந்தால் வரும். ஆகவே லென்ஸ் துளையை இன்னும் சுருக்கி, நேரத்தை 15 நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கரும்பெட்டி
திங்கள், இரவு 9.05

நன்றி மேடம். எட்டரை மணி பிரிண்ட் சப்பென்றுதான் இருக்கிறது. நான் ஃபிக்சரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பழைய ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் கிடந்தது, அதை இன்று மாட்டினேன். அவுட்புட் 218இலிருந்து 232 வரை ஆடுகிறது. நடுநடுவே உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும்போது பல்ப் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே பளிச்சென்று ஆகிறது. இது முன்னேற்றமா, பின்னேற்றமா?

---

ஓம்_விதி
திங்கள், இரவு 9.40

பின்னேற்றம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் நாலைந்து டேப் (சுருளின் இடையிடையே எடுத்த முனைகள்) இருக்கும். வோல்டேஜ் ஒரு கோட்டைத் தாண்டினால் ரிலே அடுத்த டேப்புக்குத் தாவும், அந்தத் தாவல்தான் "டக்". ஃபிரிட்ஜுக்கு 210 ஆனால் என்ன, 230 ஆனால் என்ன? எரியாமல் இருந்தால் போதும். என்லார்ஜருக்கு அந்தத் தாவல் எக்ஸ்போஷரின் நடுவில் விழுந்தால், முன்னே மெதுவாக நடந்துகொண்டிருந்த தப்பு இப்போது குதித்து நடக்கிறது, அவ்வளவுதான்.

செர்வோ ஸ்டெபிலைசரில் தாவல் இல்லை, மோட்டார் ஒன்று கையைச் சுழற்றிச் சரிசெய்யும். மெல்ல மாறும் வோல்டேஜுக்கு நல்லது. ஆனால் அது எட்டிப் பிடிப்பதற்குள் கீழ்வீட்டு மோட்டார் வேலையைக் காட்டிவிடும்.

கம்ப்யூட்டருக்கு வைக்கிற சாதாரண யுபிஎஸ்ஸும் கரண்ட் இருக்கும்போது இதே டேப் வேலையைத்தான் செய்கிறது. ஆன்லைன் யுபிஎஸ் என்று கேட்டு வாங்கினால் வேறு கதை. அது கரண்டை முழுக்க டிசியாக்கி மறுபடி ஏசியாகச் செய்து தருகிறது, ஆட்டம் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

---

ஹைப்போ வாசம்
செவ்வாய், காலை 7.55

எங்கள் காலத்தில் கை பூஸ்டர். ஒரு குமிழ், ஒரு வோல்ட் மீட்டர். ஹெல்பர் பையன் முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருகுவான், நான் எக்ஸ்போஸ் செய்வேன். அவனுக்குத் தூக்கம் வந்தால் அன்றைய பிரிண்ட் போச்சு.

பிறகு 90களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடும்போது சி.வி.டி. ஒன்று வாங்கினேன். கான்ஸ்டண்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர். அதோடு என் பிரச்சினை தீர்ந்தது. நகர்கிற பாகம் எதுவும் இல்லை, ரிலே இல்லை. 180 வந்தாலும் 250 வந்தாலும் அவுட்புட்டில் அசைவு தெரியாது. அப்போது கம்ப்யூட்டர் விற்றவர்கள் எல்லாரும் கூடவே இதைத் தலையில் கட்டினார்கள். இப்போது யாருக்கும் வேண்டாம், பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடக்கிறது. தேடிப் பாருங்கள் தம்பி. உங்கள் 100 வாட்டுக்கு 250 விஏ போதும்.

---

ஓம்_விதி
செவ்வாய், காலை 8.30

ஐயா சொன்னதற்கு நூற்றுக்கு நூறு. அமெரிக்காவில் ஜோசப் சோலா 1938இல் கண்டுபிடித்த சரக்கு, இன்னும் அதற்கு இணையாக எளிமையான ஒன்று வரவில்லை. இரும்புக் கருவின் ஒரு பகுதி எப்போதும் காந்தத்தால் நிறைந்தே இருக்கும், கூடவே ஒரு கெபாசிட்டர் ஒத்ததிர்வில் ஓடும். நிறைந்த கருவுக்கு இன்னும் கொடுத்தாலும் வாங்காது, அதனால் அவுட்புட் ஏறாது.

குறைகளும் உண்டு. சும்மா இருந்தாலும் சூடாகும், உறுமும். அளவுக்கு மேல் லோடு கொடுத்தால் அவுட்புட் படுத்துவிடும். பழசு என்றால் கெபாசிட்டரை முதலில் சோதிக்க வேண்டும். இன்னொன்று, அவுட்புட்டின் அலை தலை தட்டையாக இருக்கும். மலிவான மல்டிமீட்டர் அதைத் தப்பாகப் படிக்கும். எண் என்ன என்று பார்க்காதீர்கள், எண் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

---

வடமராட்சியான் | யாழ்ப்பாணம்
செவ்வாய், மாலை 6.15

நீங்கள் எல்லோரும் 205, 236 என்று கதைக்கிறீர்கள். 1990க்குப் பிறகு எங்களுக்குப் பல வருடம் லைனே இல்லை. அப்பாவின் ஸ்ரூடியோவில் என்லார்ஜருக்குள் காரின் முன் விளக்கு மின்குமிழைப் பூட்டி, லொறி பற்றரியில் எரிப்பார். அடையாள அட்டைக்குப் படம் வேணும் என்று சனம் வந்துகொண்டே இருக்கும், வேலையை நிறுத்த ஏலாது.

பற்றரி என்றால் நிலையான வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம். நிரம்பின பற்றரி 12.7 வோல்ற், இறங்கினால் 11.8. அந்த 3.4 கணக்கைப் போட்டுப் பாருங்கோ, காற்பங்கு வெளிச்சம் போயிரும். அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் பத்துப் படத்துக்கு ஒருக்கால் ஒரு நொடி கூட்டுவார். ஏன் என்று கேட்டால் "பற்றரி களைக்குது" என்பார்.

2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது நானும் அதே முறைக்குத் திரும்பினேன். இப்போது 12 வோல்ற் 100 வாட் ஹலோஜன், நிலைப்படுத்தின டிசி சப்ளை ஒன்று. லைன் எப்படி ஆடினாலும் குமிழுக்கு 12 வோல்ற்தான் போகும். கரும்பெட்டித் தம்பி இதையும் யோசிக்கலாம்.

---

ஓம்_விதி
செவ்வாய், இரவு 8.50

அண்ணன் சொல்வது நல்ல வழி. சென்னை ரிச்சி தெருவிலோ இங்கே கோவையிலோ சிசிடிவிக்கும் எல்இடி ஸ்ட்ரிப்புக்கும் விற்கிற 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஏசியை நிலையான டிசியாக்கித் தரும் பெட்டி) போதும். ஒரு எச்சரிக்கை: 100 வாட் ஹலோஜன் எரியும்போது 8 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் குளிர்ந்த இழை முதல் நொடித்துண்டில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் சப்ளை பயந்துபோய் அணைந்து அணைந்து எரியும். 20 ஆம்பியர் வாங்குங்கள், அல்லது தொடரில் ஓர் என்டிசி (சூடேற ஏறத் தடை குறையும் உறுப்பு) போடுங்கள். என்டிசி போட்டால் பல்ப் முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்சம் தாமதிக்கும், அதை நினைவில் வையுங்கள்.

டைமரை எஸ்எம்பிஎஸ்ஸின் ஏசி பக்கம் வைத்தால் ஒவ்வொரு முறையும் அது எழுந்து வருகிற நேரமும் எக்ஸ்போஷரில் சேரும். டிசி பக்கம் ரிலே வைப்பது மேல்.

---

ஒளிவட்டம்
செவ்வாய், இரவு 10.20

இவ்வளவு இரும்பையும் செம்பையும் சுமப்பதற்குப் பதில் நான் முதல் நாளே சொன்ன எல்இடி. உள்ளே டிரைவர் இருக்கிறது, வோல்டேஜ் ஆடினாலும் வெளிச்சம் ஆடாது. சூடு இல்லை, நெகட்டிவ் வளையாது. யாருமே பதில் சொல்லவில்லையே?

---

ஓம்_விதி
புதன், காலை 6.30

சொல்கிறேன். உங்கள் யோசனை தப்பில்லை, "2 நிமிட வேலை" என்றதுதான் தப்பு.

எல்லா எல்இடி பல்புக்குள்ளும் நல்ல டிரைவர் இருக்காது. மலிவானவற்றில் தகட்டின் மேலேயே ஒரு சில்லு ஒட்டியிருப்பார்கள், அவற்றில் பலவும் வோல்டேஜ் இறங்கினால் அதற்குத் தகுந்தாற்போல் மங்கும். வாங்கும் முன் அட்டையைப் பாருங்கள். 140இலிருந்து 300 வோல்ட் வரை என்பது போல அகலமாகப் போட்டிருந்தால் நம்பலாம். அப்படியும் முதல் சில நிமிடம் சூடேற ஏற வெளிச்சம் லேசாக இறங்கும்.

மல்டிகிரேடில் இன்னொரு சிக்கல். வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல எல்இடி, மேலே மஞ்சள் பாஸ்பர். 450 நானோமீட்டர் பக்கம் ஒரு கூர்மையான நீலம், அப்புறம் ஒரு பள்ளம், பிறகு பச்சை மஞ்சள். இல்ஃபோர்டு ஃபில்டர்கள் இழை பல்பை மனதில் வைத்து அளந்தவை. எல்இடியில் 00இலிருந்து 5 வரை காண்ட்ராஸ்ட் கிரேடுகள் வரும், ஆனால் அடுத்தடுத்த படிகளின் இடைவெளி சமமாக இருக்காது. 3½ வரை ஒரே நேரம், 4இலிருந்து இரண்டு மடங்கு என்ற வழக்கமான கணக்கும் பொய்க்கும். ஒரு முறை உட்கார்ந்து படிநிலை நெகட்டிவ் (படிப்படியாக அடர்த்தி ஏறும் சோதனை நெகட்டிவ்) வைத்து அளந்து ஒரு அட்டவணை போட்டுவிட்டால் பிறகு கவலை இல்லை.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. சுவிட்ச் போர்டில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே துளிக் கரண்ட் கசியும். இழை பல்புக்கு அது தெரியாது. எல்இடி பல்ப் மினுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் பேப்பரை ஈசலில் (பேப்பரைப் பிடிக்கும் சட்டத்தில்) வைத்து ஃபிரேம் சரிசெய்கிற நேரமெல்லாம் எக்ஸ்போஷர் ஓடுகிறது! சில எலெக்ட்ரானிக் டைமர்களும் இப்படிக் கசியும். கும்மிருட்டில் 5 நிமிடம் நின்று, கண் பழகிய பிறகு லென்ஸை அண்ணாந்து பாருங்கள்.

---

ஒளிவட்டம்
புதன், காலை 9.15

கடைசியாகச் சொன்னதை இப்போதே பார்த்தேன். என் பல்ப் மினுக்குகிறது. ஒன்றரை வருடமாக என் வெள்ளைகள் ஏன் அழுக்காக இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

---

பனிமூட்டம் | டொராண்டோ
புதன், இரவு 8.00 (உங்கள் நேரம்)

இங்கே 120 வோல்ட், 2 வோல்ட் கூட ஆடாது. ஆனாலும் எனக்கு வெளிச்சம் ஆடியது. என் என்லார்ஜரில் கோல்டு லைட், அதாவது வளைத்த ஃபுளோரசன்ட் குழாய். அந்தக் குழாயின் வெளிச்சம் அதன் சூட்டைப் பொறுத்தது. முதல் பிரிண்டுக்கு ஒரு வெளிச்சம், ஐந்தாவதுக்கு இன்னொன்று. ஸோன் சிக்ஸ் ஸ்டுடியோஸ் போன்றவர்கள் அதற்கென்றே ஒரு ஒளி உணரியை உள்ளே வைத்துத் திருத்தும் பெட்டி விற்றார்கள். நான் அதெல்லாம் வாங்கவில்லை. பத்து நிமிடம் எரியவிட்டு, அணைக்காமல், லென்ஸுக்குக் கீழே கறுப்பு அட்டையை நீட்டி எடுத்து எக்ஸ்போஷர் கொடுக்கிறேன்.

கரும்பெட்டிக்கு ஒரு கேள்வி. டெஸ்ட் ஸ்ட்ரிப் எப்படிப் போடுகிறீர்கள்? 3 நொடி, 3 நொடியாக ஆறு முறை அணைத்து எரித்தா? அப்படியென்றால் 3 நொடி ஆறு முறை என்பது 18 நொடி ஆகாது. ஒவ்வொரு முறையும் இழை சூடேறுகிற நேரம் வீணாகிறது. ஆறு முறை வீணான ஸ்ட்ரிப்பைப் பார்த்து முடிவெடுத்து, பிரிண்டை ஒரே மூச்சில் 18 நொடி கொடுத்தால் அது ஸ்ட்ரிப்பைவிடக் கறுப்பாகத்தான் வரும். எரியவிட்டு அட்டையை நகர்த்துங்கள்.

---

கரும்பெட்டி
புதன், இரவு 10.45

ஆமாம் சார், ஆறு முறை அணைத்துத்தான் போடுகிறேன். என் ஒவ்வொரு பிரிண்டும் ஸ்ட்ரிப்பைவிட ஒரு சுற்றுக் கறுப்பாக வரும். நானே மனதில் ஒரு நொடி கழித்துக்கொள்வேன், அதற்கு "கைப்பக்குவம்" என்று பெயர் வேறு வைத்திருந்தேன்.

சி.வி.டி. தேடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்த மூலையைப் பார்க்கலாமா?

---

ஹைப்போ வாசம்
வியாழன், காலை 8.10

பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது எது என்று தெரிந்தால் பேப்பர் மிச்சம்.

நெகட்டிவ் கேரியரைக் காலியாக வையுங்கள். நீங்கள் வழக்கமாக அடிக்கிற அளவுக்கு என்லார்ஜர் தலையை உயர்த்துங்கள். லென்ஸ் எஃப் 8. 5ஆம் நம்பர் ஃபில்டர் போடுங்கள், அது சின்ன வித்தியாசத்தையும் பெரிதாக்கிக் காட்டும். நேரத்தைக் குறைத்துக் குறைத்து, தாள் முழுக்க நடுச் சாம்பல் நிறம் வருகிற மாதிரி ஒரு பிரிண்ட் போடுங்கள். தாளின் முதுகில் எந்தப் பக்கம் மேல், எது இடது என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் டெவலப்பரில் போட வேண்டும். நான் எழுத மறந்து கெட்டவன்.

அடுத்து பல்பை அரைச் சுற்றுத் திருப்பி இன்னொரு தாள். வெளுத்த இடம் நகர்ந்தால் கோளாறு பல்பில். நகராவிட்டால் லென்ஸைத் திருப்பி ஒரு தாள். அதற்கும் நகராவிட்டால் கண்டென்சர் (பல்புக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஒளியைக் குவிக்கும் வில்லைகள்), அல்லது தலையே சாய்ந்திருக்கிறது.

உங்கள் பல்பின் நெற்றியில் கம்பெனி பெயரும் வாட்டும் அச்சிட்டிருக்கிறதா? என்லார்ஜர் பல்பில் அந்த முத்திரையைக் கழுத்துப் பக்கம் வைப்பார்கள், நெற்றி சுத்தமாக இருக்கும். சாதாரண பல்பில் அது கண்டென்சருக்கு நேரே நின்று நிழல் கட்டும். பிலிப்ஸ் ஃபோட்டோகிரசென்டா என்று 75 வாட்டும் 150 வாட்டும் வந்தன, கண்ணாடியே பால் மாதிரி இருக்கும். வெறும் தேய்த்த கண்ணாடி பல்ப் வேறு, அதில் நடுவில் இழையின் சூடு தெரியும். பழைய ஸ்டுடியோக்காரர்களைக் கேட்டால் யாராவது ஒன்றிரண்டு பதுக்கி வைத்திருப்பார்கள்.

---

பனிமூட்டம்
வியாழன், இரவு 7.30

ஐயா சொன்ன சோதனையில் நாலு மூலையும் சமமாகக் கொஞ்சம் வெளுத்து வந்தால் பயப்பட வேண்டாம். அது லென்ஸின் இயல்பு. ஓரத்துக்குப் போகும் ஒளி சாய்ந்து போகிறது, சாய்வின் கொசைனுடைய நான்காம் அடுக்கில் குறைகிறது. 50 எம்எம் லென்ஸில் 35 எம்எம் நெகட்டிவை 8 மடங்கு பெரிதாக்கினால் மூலைக்குச் சுமார் 24 சதவீதம் குறைவாகப் போகும். அதே நெகட்டிவுக்கு 80 எம்எம் லென்ஸ் போட்டால் 11 சதவீதம்தான். தூண் உயரம் போதுமானால் அதையும் முயலலாம், ஆனால் 80க்குப் பொருத்தமான கண்டென்சரையும் போட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் ஒரு நிலா உதிக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை. கேமரா லென்ஸும் மூலைக்கு ஒளியைக் குறைத்துத்தான் கொடுக்கிறது. அதனால் நெகட்டிவின் மூலை மெல்லியதாகிறது, பிரிண்டில் மூலை கறுக்கப் பார்க்கிறது. என்லார்ஜர் மூலைக்குக் குறைவாகக் கொடுப்பதால் வெளுக்கப் பார்க்கிறது. ஒன்றின் தப்பை இன்னொன்று பாதி மூடிவிடுகிறது. முழுச் சமமான என்லார்ஜரில் அடித்தால் வானத்தின் மூலைகள் இருண்டு வரும், சிலர் அதைத்தான் விரும்பிப் போய் வாங்குகிறார்கள்.

ஒரு மூலை மட்டும் வெளுப்பது வேறு. அது இயல்பு இல்லை, கோளாறு.

---

கரும்பெட்டி
சனி, இரவு 11.30

நாலு தாள் செலவு. முடிவு இதோ.

முதல் தாளில் இடது கீழ் மூலை வெளுப்பு, நடுவில் லேசாக ஒரு மங்கல் வட்டம். பல்பைத் திருப்பியதும் மங்கல் வட்டம் கொஞ்சம் நகர்ந்தது, மூலை அசையவில்லை. பல்பின் நெற்றியில் அச்சு இருக்கிறது, ஐயா சொன்னபடி. லென்ஸைத் திருப்பினேன், மூலை அசையவில்லை.

கண்டென்சரை வெளியே எடுத்தேன். இரண்டு வில்லை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வீக்கம். மேல் வில்லையின் வீங்கிய பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதோடு வளையத்தில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கியும் இருந்தது. முன்பு யாரோ துடைத்துவிட்டு அவசரத்தில் மாட்டியிருக்கிறார்கள் போல. இப்படியா இருக்க வேண்டும்?

---

ஹைப்போ வாசம்
ஞாயிறு, காலை 7.20

இல்லை தம்பி. வீங்கிய பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தட்டைகள் வெளியே. முத்தம் கொடுக்கிற மாதிரி என்று என் குரு சொல்லிக்கொடுத்தது. திருப்பி, பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்து, வளையம் மட்டமாக உட்காருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மாட்டுங்கள். பிறகு பல்பின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். மேலே உள்ள தண்டைத் தளர்த்தி, ஏற்றி இறக்கி, போர்டில் விழும் வெளிச்சம் எங்கே சமமாகிறது என்று பாருங்கள். கண் ஏமாற்றும். லென்ஸ் துளையை முழுக்கச் சுருக்கி, வெளிச்சத்தை மங்கலாக்கிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

---

கரும்பெட்டி
ஞாயிறு, இரவு 10.10

இடது கீழ் மூலை சரியாகிவிட்டது! ஐந்தாவது தாளில் நாலு மூலையும் ஒரே மாதிரி. பல்ப் உயரத்தை ஒன்றரை விரல் கீழே இறக்க வேண்டியிருந்தது.

ஆனால் இப்போது வலது ஓரம் முழுக்க ஒரு இழை அளவு கறுப்பாகத் தெரிகிறது. முன்பு மூலைக் கோளாறில் இதைக் கவனிக்கவில்லை போல. வலது பக்கம்தான் சுவர்.

---

வடமராட்சியான்
திங்கள், காலை 9.00

சுவர் வெள்ளையோ?

---

கரும்பெட்டி
திங்கள், காலை 9.25

வெள்ளை டைல்ஸ். குளியலறைதானே.

---

வடமராட்சியான்
திங்கள், காலை 9.50

அப்ப விளங்குது. விளக்குக் கூட்டில் காற்றுப் போற துவாரம் இருக்கும், அதில் இருந்து ஒளி தெறிச்சு டைல்ஸில் பட்டுத் தாளுக்கு வருது. சோதிக்கிறது சுகம். லென்ஸை மூடியால் மூடுங்கோ. தாளை வைத்து, வலது ஓரத்தில் ஒரு காசைப் போடுங்கோ. விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு டெவலப் பண்ணுங்கோ. காசின் வட்டம் வெள்ளையாகத் தெரிஞ்சால் சுவர்தான் கள்ளன். சேஃப் லைட்டையும் அணைத்துவிட்டுச் செய்ய வேணும், இல்லாட்டி இரண்டில் எது என்று தெரியாது.

---

கரும்பெட்டி
புதன், இரவு 11.40

5 ரூபாய்க் காசு, அச்சு அசலாக வட்டம் விழுந்திருக்கிறது. டைல்ஸ் மேல் கறுப்புச் சார்ட் அட்டை ஒட்டினேன், வலது ஓரம் போய்விட்டது. நன்றி அண்ணா.

அதைவிடப் பெரிய செய்தி. சி.வி.டி. கிடைத்துவிட்டது, 250 விஏ, எடை போட்டுத்தான் தந்தார்கள். கெபாசிட்டரை மாற்றினேன். அவுட்புட் எட்டரைக்கு 227, பதினோரு மணிக்கு 229. இரண்டு நேரத்திலும் ஒரே நெகட்டிவ், 14 நொடி. இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை, முதுகில் பென்சிலால் எழுதியிருந்ததால் பிழைத்தேன்.

ஒன்று மட்டும். உறுமல் தாங்கவில்லை. அம்மா கீழேயிருந்து, "ராத்திரி பதினோரு மணிக்கு மேலே என்னடா மாவாட்டுகிறாய்?" என்று கேட்கிறார்கள்.

---

ஹைப்போ வாசம்
வியாழன், காலை 7.40

அடியில் பழைய சைக்கிள் டியூபை நாலாக மடித்து வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுவரும் சேர்ந்து பாடும். அப்புறம் அந்தப் பல்ப்: என்னிடம் 75 வாட் ஃபோட்டோகிரசென்டா ஒன்று பெட்டியோடு இருக்கிறது. மதுரைப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள், பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

---

கரும்பெட்டி
வியாழன், காலை 7.58

இந்த ஞாயிறே வருகிறேன் ஐயா.